குடும்ப அட்டையில் ஐந்தாவது பெயர்

1

என் மகள் பூரணி ஞாயிற்றுக்கிழமை தவிர வேறு நாளில் கூப்பிட்டால் ஏதோ கெட்ட சேதி என்றுதான் அர்த்தம். போன வசந்தத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, லீட்ஸில் எங்கள் பஸ் டிப்போவில் நான் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்தபோது அவள் பெயர் கைப்பேசியில் ஒளிர்ந்தது. வண்டி எடுக்க இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது.

"அப்பா, பிஸியா?"

"இல்லம்மா. என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை. நீங்க குன்னூர்தானே? தாத்தா எல்லாரும் ஸ்ரீலங்காலேருந்து வந்தவங்கதானே?"

இருபத்தைந்து வயதில் என் மகள் என்னிடம் கேட்ட முதல் ஊர்க் கேள்வி அது. சின்ன வயதில் நானாக எவ்வளவோ சொல்லிப் பார்த்திருக்கிறேன். காட்டெருமை தேயிலைக்குள் நின்ற கதையைச் சொன்னால், "அப்பா, இதைப் போன வாரமும் சொன்னீங்க" என்பாள். பிறகு நான் நிறுத்திக்கொண்டேன். அவள் அம்மா சாந்தா இருந்தவரை எங்கள் இருவருக்கும் நடுவில் அவள் பேசினாள். சாந்தா போய் மூன்று வருடமாகிறது. இப்போது ஞாயிறு காலை பதினொன்றரைக்கு நான்கு நிமிடம். சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா, குளிர் எப்படி. ஐந்தாவது நிமிடத்துக்கு எங்களிடம் சரக்கு கிடையாது.

பூரணி லண்டனில் ஒரு தொலைக்காட்சிக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். புகழ்பெற்றவர்களின் பாட்டன் பூட்டன்களைத் தேடிக் கண்டுபிடித்து நிகழ்ச்சி எடுப்பது அவர்கள் தொழில். இந்த முறை அவர்கள் கையில் இருந்தவள் லீனா என்ற தாள இசைக் கலைஞர். மேடையில் பத்துவிதத் தோல் கருவிகளை அடுக்கிவைத்துக்கொண்டு அவள் வாசிப்பதை நீங்களும் எங்காவது பார்த்திருக்கலாம். ஆனால் லீனா என்பது நான் வைத்த பெயர். இந்தக் குறிப்பில் வரும் எல்லாப் பெயரும் மாற்றியவை. குன்னூரில் இருக்கும் என் அக்கா அப்படிக் கேட்டுக்கொண்டாள். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

"லீனாவோட பாட்டி குன்னூர் எஸ்டேட்லேருந்து வந்தவங்களாம். போன வருஷம் இறந்துட்டாங்க. ஒரு பேப்பர் இருக்கு. தமிழும் இங்கிலீஷும் கலந்து. அனுப்பறேன், படிச்சுச் சொல்றீங்களா?"

படிக்கச் சொன்னது தாளைத்தான். எனக்கு என்னவோ என்னையே கூப்பிட்ட மாதிரி இருந்தது. அன்று முதல் டிரிப்பில் இரண்டு நிறுத்தங்களைத் தாண்டிப் போய்விட்டேன்.

2

அது ஒரு குடும்ப அட்டையின் நகல். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக இருந்தவர்களைத் தாயகம் திரும்புகிறவர்கள் என்று சொல்லிக் கப்பலேற்றி அனுப்பியபோது, குடும்பத்துக்கு ஒன்றாகக் கொடுத்த தாள். குடும்பத் தலைவர் முத்தையா. மனைவி இருளாயி. மகன் ராமசாமி. மருமகள் லெட்சுமி. ஐந்தாவதாக, மகள் பார்வதி, வயது பதினான்கு. ஆறாவது, பேத்தி காளியம்மா, வயது ஒன்பது.

ராமசாமி என் அப்பா. காளியம்மா என் அக்கா. நான் அதில் இல்லை. நான் நீலகிரிக்கு வந்த பிறகு பிறந்தவன்.

பார்வதி அத்தையைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரே ஒரு வாக்கியம்தான் உண்டு. "அது வெள்ளைக்காரங்களோட போயிருச்சு." லவ்டேல் பக்கம் ஒரு வெளிநாட்டுத் தம்பதியின் வீட்டில் குழந்தை பார்த்துக்கொண்டிருந்தவள், அவர்கள் ஊருக்குத் திரும்பியபோது கூடவே போய்விட்டாள். அப்போது எனக்கு இரண்டு வயது. நான் இங்கிலாந்துக்குக் கிளம்பியபோது, "அங்க அத்தையைத் தேடிப் பார்க்கட்டுமா?" என்று அப்பாவிடம் கேட்டேன். "அதெல்லாம் வேண்டாத வேலை" என்று எழுந்து போய்விட்டார்.

அந்த அத்தையின் பேத்திதான் உலகம் சுற்றும் லீனா. அட்டைப்படி பார்த்தால் லீனாவின் அம்மா எனக்கு அத்தை மகள். லீனா என் மகளுக்கு உறவு. இதைச் சொன்னபோது பூரணி இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். பிறகு சிரித்தாள். "அப்பா, சீரியஸா? அவங்க நமக்கு சொந்தமா?" என் வீட்டுச் சுவரில் அந்தச் சிரிப்பு பட்டு எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரே ஒரு முரண். அட்டை கையில் கிடைக்கும் முன்பு லீனா கொடுத்த பேட்டி ஒன்றின் துண்டைப் பூரணி அனுப்பியிருந்தாள். பாட்டி தினமும் காலையில் அடுப்படி மேசையில் விரலால் ஒரு தாளம் தட்டுவாளாம். மூன்று அடி, ஒரு நிறுத்தம், இரண்டு அடி, நீண்ட நிறுத்தம். "எங்கப்பா இந்த மலை முழுக்கக் கேட்கிற மாதிரி தப்பு அடிப்பார். அதுதான் இது" என்று சொல்லியிருக்கிறாள். லீனாவுக்குப் பேர் வாங்கிக்கொடுத்த உருப்படி அந்தத் தாளத்தில்தான் தொடங்குகிறது. பேட்டியின் கடைசியில் லீனா சொன்னாள்: "பாட்டியைப் பெற்ற அம்மா யார் என்று கேட்டால் மட்டும் பாட்டி பேச்சை மாற்றிவிடுவார். எனக்கு அந்தப் பெயர் ஒன்று தெரிந்தால் போதும்."

தப்புப் பறையா? எங்கள் தாத்தா கங்காணி. தொழிலாளர்களை மேய்க்கும் மேஸ்திரி. அப்பா அப்படித்தான் சொல்லி வளர்த்தார். அருவங்காடு தொழிற்சாலைக் குவாட்டர்ஸில், கோயமுத்தூர்ப் பக்கத்துக் குடும்பத்தில் சாந்தாவைப் பெண் கேட்கப் போனபோது அப்பா முதலில் எடுத்துவைத்ததும் அதைத்தான். நானும் பூரணியிடம் உன் பூட்டன் குதிரையில் போன கங்காணி என்று அளந்திருக்கிறேன். குதிரை நான் சேர்த்தது.

"லீனாவோட பாட்டிக்கு ஏதோ குழப்பம்" என்று மகளிடம் சொன்னேன். "உங்க அத்தை காளியம்மா கப்பலில் வந்தவள். நேரில் போய்க் கேட்டு வர்றேன்."

"நீங்களே போறீங்களா? அப்பா, யூ ஆர் த பெஸ்ட்."

மறுநாளே விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன்.

3

குன்னூரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது டிரைவரைப் பார்த்து, "தேங்க் யூ" என்றேன். லீட்ஸில் இறங்குகிறவர்கள் எனக்குச் சொல்வது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "எதுக்குங்க?" என்றார். பின்னால் நின்ற அம்மாள் என் முதுகைத் தள்ளினாள்.

அக்கா வீட்டில் தங்கவில்லை. அரசுத் தேயிலைத் தோட்டத்தின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், அவளுக்கு ஒரே அறை, ஒரு சமையல் கட்டு. மகனும் மருமகளும் அங்கேயே. இடமில்லை என்று நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் கழிப்பறையை நினைத்துப் பயந்தேன். இருபத்திரண்டு வருடம் அங்கே குனிந்து நிமிர்ந்தவன்தான் நான். எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

மார்க்கெட்டுக்கு மேலே ஒரு லாட்ஜில் அறை கேட்டேன். மேனேஜர் என் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க சார், நம்மூருன்னு சொல்றீங்க. பாஸ்போர்ட்டு வேற நாடாட்ட இருக்குதுங்களே."

"பிறந்தது இங்கதாங்க. ஏல ஆபீஸ் பக்கத்துல தேயிலை புரோக்கர் ஆபீஸ்ல கிளார்க்கா இருந்தேன்."

"இருக்கட்டுங்க. ஃபாரினர் ஃபாரம் ஒண்ணு ரொப்பணுங்க. போலீசுக்கு அனுப்போணும். ரூல்ஸுங்க."

ரொப்பினேன். இந்தியாவில் முகவரி, லாட்ஜ். வருகையின் நோக்கம் என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. சுற்றுலா, வணிகம், மருத்துவம் என்று எல்லாவற்றுக்கும் பெட்டி இருந்தது. எதையும் டிக் செய்யாமல் ஓரத்தில், அக்கா என்று எழுதினேன்.

மேனேஜர் அதைப் படித்துவிட்டு, "டூரிசம்னு போட்டுக்கறனுங்க" என்று அவரே டிக் அடித்தார்.

4

கொலக்கம்பை பஸ்ஸில் போய் இறங்கி, தேயிலைக்கு நடுவே இறங்கும் பாதையில் நடந்தேன். அக்கா லயத்துக்கு வெளியே கல்லில் உட்கார்ந்து விறகுச் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தாள். வேலையிலிருந்து நின்று நாலு வருடமாகிறது. கொழுந்து கிள்ளிய விரல்களில் கறுப்பு இன்னும் போகவில்லை.

"வா தம்பி. வத்திப் போயிட்டியே. தேத்தண்ணி குடி மொதல்ல."

அக்கா இந்த மலைக்கு வந்து ஐம்பது வருடமாகியும் தேநீரைத் தேத்தண்ணி என்றுதான் சொல்வாள். அறையைக் காம்பரா என்பாள். நான் பள்ளியில் படிக்கும்போது நண்பர்கள் முன்னால் அவள் அப்படிப் பேசினால் கூசிப்போவேன். அந்த நண்பர்களில் ஒருவன் பெயரும் இப்போது நினைவில் இல்லை.

சாந்தாவைப் பற்றிக் கேட்டாள். பூரணிக்குக் கல்யாணம் எப்போது என்று கேட்டாள். நான் பையிலிருந்து அட்டையின் நகலை எடுத்து நீட்டினேன். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தத் தாளின் தலைப்பில் இருந்த முத்திரையைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

"இது எங்கயிருந்து வந்திச்சி?"

"பார்வதி அத்தை லண்டனில் வச்சிருந்தாங்களாம்."

"எடுத்து உள்ள வை. யாராச்சும் பாத்துரப் போறாங்க."

"பார்த்தா என்னக்கா?"

"கார்டப் பத்தி யாரு கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லணும். அப்பா சத்தியம் வாங்கியிருக்காரு. இந்த வேலை, இந்தக் காம்பரா, எல்லாம் அந்தக் கார்டுல குடுத்ததுதான். என் மவன் இங்கதான் இருக்கணும். நீ போயிருவ."

நீ போயிருவ என்றதில் குத்தல் எதுவும் இல்லை. மழை வரும் என்று சொல்வதைப் போலச் சொன்னாள். அதுதான் எனக்கு வலித்தது.

அக்காவைச் சமாதானப்படுத்தலாம் என்று, லீனாவின் வாசிப்பைக் கைப்பேசியில் போட்டேன். நம் அத்தை பேத்தி எவ்வளவு பெரிய ஆள் என்று பார்த்தால் பயம் விட்டுப்போகும் என்பது என் கணக்கு. மேடை இருட்டாக இருந்தது. ஒரே ஒரு தோல் கருவி. மூன்று அடி, நிறுத்தம், இரண்டு அடி, நீண்ட நிறுத்தம்.

அக்காவின் கையிலிருந்த சுள்ளி விழுந்தது.

"நிறுத்து தம்பி."

"இன்னும் ஒரு நிமிசம் இருக்கு, கூட்டமா எழுந்து நின்னு..."

"நிறுத்துன்னு சொல்றேன்ல."

நிறுத்தினேன். அக்கா எழுந்து உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். மருமகள் வேலைக்குப் போயிருக்கிறாளா, பக்கத்துக் காம்பரா பூட்டியிருக்கிறதா என்று இருபுறமும் பார்த்தாள். பிறகு சொன்னாள். ஐம்பது வருடமாக மடித்து வைத்திருந்ததை எந்த மடிப்பும் தவறாமல் பிரித்து வைத்தாள்.

"தாத்தா கங்காணி இல்ல. தப்படிக்கிறவரு. விடிகாலைல பெரட்டுக்கு ஆள் கூப்பிடத் தப்பு அடிப்பாரு. எல்லாரும் வந்து வரிசையா நிப்பாங்க. கணக்கப்பிள்ளை ஒவ்வொரு பேரா கூப்பிடுவாரு. கூப்பிட்ட பேருக்குச் சத்தம் வரணும். ஆளு கொஞ்சம் பிந்தி வந்தா பக்கத்துல நிக்கிறவங்க 'இருக்கா'ன்னு குரல் குடுப்பாங்க. அப்பத்தான் அன்னைக்கு வேலை. அந்தத் தப்புதான் சாவுக்கும். இந்தப் புள்ள அடிக்கிதே, இது பெரட்டு அடி இல்ல. சாவு அடி."

"யார் சாவுக்கு?"

"பார்வதி அத்தைக்கு."

எனக்கு விளங்கவில்லை. லண்டனில் போன வருடம் செத்தவளுக்கு இலங்கையில் எப்படித் தப்பு அடித்தார்கள்?

"கார்டுக்கு எழுதிக் குடுத்து ரெண்டு வருசம் காத்துக் கெடந்தோம். நடுவுல அத்தைக்குக் காச்சல். மூணு நாள். தோட்டத்து டிஸ்பென்சரில வெள்ளைத் தண்ணி குடுத்தாங்க. போயிருச்சு. பெத்த மகளுக்கு அப்பன் தப்பு அடிக்கக் கூடாதும்பாங்க. வேற ஆளு இல்ல. தாத்தாவே அடிச்சாரு. இந்த அடிதான். அதுக்கப்புறம் அந்தத் தப்பைத் தொடல. லயத்துலயே போட்டுட்டு வந்துட்டாரு."

"அப்ப லண்டனுக்குப் போனது யாரு?"

"பக்கத்துக் காம்பரா தெய்வானை. அத்தை வயசுதான். ரெண்டு பேரும் ஒரே பாயில படுத்து எந்திரிச்சதுங்க. அவ ஆத்தா ராமாயி கொழுந்து எடுக்கைல சரிவுல விழுந்து செத்துருச்சு. அப்பன் யாருன்னு எனக்குத் தெரியாது. அவளுக்குக் கார்டும் இல்ல, நாடும் இல்ல. எல்லாரும் கெளம்புறோம், அவ மட்டும் அந்த லயத்துல நிக்கிறா. தாத்தாதான் சொன்னாரு. 'பேரு சும்மாதான கெடக்கு. அந்தப் புள்ள வரட்டும்.'"

அட்டையில் ஒட்டியிருந்த குடும்பப் படத்தில் எல்லா முகமும் தீக்குச்சி முனை அளவுதான். இரட்டைச் சடை போட்ட எந்தப் பெண்ணும் பார்வதியாகலாம். தலைமன்னாரில் கப்பல் ஏறும் இடத்தில் அதிகாரி அட்டையைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாராம்.

"பார்வதின்னு கூப்பிட்டாரு. அவ வாயத் தொறக்கல. நடுங்கிக்கிட்டு நிக்கிறா. ரெண்டாந்தரம் கூப்பிட்டாரு. அப்பாயிதான் சொன்னுச்சு, 'இருக்கா'ன்னு."

பதினான்கு வயது மகளைப் புதைத்து ஆறு மாதம்கூட ஆகாத தாய்.

"அதுக்கப்புறம் அப்பாயி அவளைப் பேரு சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. ஏ புள்ள, ஏ புள்ளன்னுதான். அவ காலைல எந்திரிச்சுத் தகரத்துல இந்த அடியத் தட்டுவா. அப்பாயி கையில கெடச்சத எடுத்து எறியும். எத்தனை வருசந்தான் இருப்பா. வெள்ளைக்காரங்க கூப்பிட்டதும் போயிட்டா."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கீழே தேயிலைக்குள் ஒரு காட்டெருமை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேயத் தொடங்கியது. அப்பா ஏன் எங்களைக் கங்காணி வீட்டுப் பிள்ளைகளாக வளர்த்தார் என்று எனக்குப் புரிந்தது. தப்படிக்கிறவர் மகன் என்று தெரிந்தால் எந்த வாசலோடு நிறுத்துவார்கள் என்பது அவருக்குத் தெரியும். அருவங்காட்டிலும் நிறுத்தியிருப்பார்கள். சாந்தா எனக்குக் கிடைத்திருக்கமாட்டாள்.

5

லாட்ஜுக்குத் திரும்பியதும் பூரணி கூப்பிட்டாள். நான் கிளம்பி வந்ததிலிருந்து அவள் தினமும் கூப்பிட்டாள்.

"என்னப்பா, அத்தை என்ன சொன்னாங்க?"

"அக்காவுக்குக் காய்ச்சல். நாளைக்குக் கேட்கறேன்."

மறுநாளும் அதையே சொன்னேன். அவளுக்குக் கோபம் வரவில்லை. "நீங்க என்ன சாப்பிட்டீங்க? ஸ்வெட்டர் இருக்கா?" என்று கேட்டாள். மலை ரயிலைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். சிம்ஸ் பார்க்கில் அவள் அம்மாவை நான் முதலில் பார்த்த இடத்தைக் கேட்டு, அதையும் அனுப்பச் சொன்னாள். இருபது நிமிடம், இருபத்தைந்து நிமிடம் பேசினோம். லீனா என்று சொல்வதை விட்டு நம்ம லீனா என்று சொல்ல ஆரம்பித்திருந்தாள். படப்பிடிப்புக்குக் குழுவோடு அவளும் வருவாளாம். நிகழ்ச்சியில் அவள் பெயரும் வருமாம். அந்த இரண்டு நாளும் என் வாழ்க்கையில் நல்ல நாட்கள். பொய்யில் நின்ற நாட்கள் என்று தெரிந்தேதான் அனுபவித்தேன்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அட்டை இருக்கிறது, முத்திரை இருக்கிறது. அக்கா செத்தாலும் வாயைத் திறக்கமாட்டாள். லீனாவுக்கு ஒரு பூட்டன் கிடைப்பார், பூரணிக்கு ஒரு உறவு கிடைக்கும், எனக்குப் பூரணி கிடைப்பாள். யாருக்கு நட்டம்?

ராமாயிக்கு. சரிவில் விழுந்து செத்த அந்தப் பெண்ணின் பெயர் உலகத்தில் அக்காவின் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. இப்போது என் தலைக்குள்ளும். லீனா கேட்டது அந்த ஒரு பெயரைத்தான். நான் விழுங்கினால் அது எங்களோடு முடிந்துவிடும்.

மூன்றாம் நாள் மறுபடி அக்காவிடம் போனேன். அவள் வெகுநேரம் யோசித்தாள்.

"கார்ட டிவில காட்டக் கூடாது. என் பேரு, இந்தத் தோட்டத்துப் பேரு வரக் கூடாது. அந்தப் புள்ளைகிட்ட மட்டும் சொல்லு. பாவம், பேரு தெரியாம எப்படி இருக்கும்."

குன்னூர் ரயில் நிலையத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து மகளைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். கங்காணி பொய் என்பதைச் சொன்னேன். குதிரையும் பொய் என்று சொன்னேன்.

"அப்போ லீனா நமக்கு சொந்தம் இல்லையா?"

"இல்லம்மா."

"அந்த டிரம்மர்?"

"அவர் நமக்குத்தான்."

அந்தப் பக்கம் ஆபீஸின் சத்தம் கேட்டது. யாரோ சிரித்தார்கள்.

"ஓகே அப்பா," என்றாள். "நான் அவங்ககிட்ட பேசறேன்."

மகள் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த ஓகேதான் தாங்க முடியாததாக இருந்தது.

6

அட்டையைக் காட்டக்கூடாது என்றால் நிகழ்ச்சிக்கு உதவாது என்று கம்பெனி முடிவு செய்தது. லீனாவின் அப்பா வழியில் யாரோ ஒரு கப்பல் மாலுமி இருந்தார். அவரை எடுத்துக்கொண்டார்கள். பூரணியை வேறு வேலைக்கு மாற்றிவிட்டார்கள். அவள் என்னைக் குறை சொல்லவில்லை. ஞாயிறு, பதினொன்றரை, நான்கு நிமிடம். மாத்திரை போட்டீர்களா.

லீனாவே ஒரு நாள் என்னைக் கூப்பிட்டாள். நான் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொல்ல, குறுக்கே பேசாமல் கேட்டாள். ராமாயி என்ற பெயரை மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு, "பாட்டியைத் தாத்தா பார்வதி என்று கூப்பிட்டால் உடனே திரும்பமாட்டார். காது மந்தம் என்று நினைத்து டாக்டரிடம்கூடக் காட்டினோம்" என்றாள். அந்தத் தாளம் எதற்கு அடிப்பது என்பதையும் சொன்னேன். அவள் நன்றி சொல்லி வைத்துவிட்டாள். இரண்டு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. பாட்டியின் கல்லறையில் பார்வதி என்று பொறித்திருக்கிறது, அதை எடுத்துவிட்டு உண்மைப் பெயரைப் பொறிக்கட்டுமா, உங்கள் அக்காவைக் கேட்டுச் சொல்லுங்கள்.

அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன். இந்த முறை அவள் யோசிக்கவே இல்லை.

"எடுக்க வேணாம்னு சொல்லு தம்பி. பார்வதி அத்தைக்கு அங்க ஒரு கல்லு கெடையாது. பொதச்ச எடத்துல மறு வருசமே தேயில வச்சுட்டாங்க. அந்தப் பேரு அங்கயாச்சும் இருக்கட்டும். கீழ எடமிருந்தா தெய்வானைன்னு போடச் சொல்லு."

லீனா தமிழ் எழுத்தில் வேண்டும் என்றாள். டூட்டி சீட்டின் பின்பக்கம் பெரிதாக எழுதி, படம் எடுத்து அனுப்பினேன். துணைக்கால் எங்கே வரும், ஐகாரம் எங்கே வரும் என்று கல் கொத்துகிறவரிடம் இரண்டு முறை ஃபோனில் விளக்கினேன்.

சாந்தாவின் அஸ்தியை அவள் அண்ணன் ஊருக்கு எடுத்துப்போய்ப் பவானி கூடுதுறையில் கரைத்தார். அதனால் அவள் நினைவு நாளன்று நான் போய் நிற்க இந்த நாட்டில் ஓர் இடம் இருந்ததில்லை. வீட்டில் படத்துக்கு முன்னால் கடையில் வாங்கிய வடையை வைத்துவிட்டு டிப்போவுக்குப் போவேன். இந்த வருடம் அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு லண்டனுக்கு ரயில் ஏறினேன். பூரணியும் வருவதாக இருந்தது. காலையில் செய்தி அனுப்பியிருந்தாள். மீட்டிங். கடைசியில் தமிழில், அப்பா சாரி என்று. ரகரத்துக்குப் பெரிய றகரம் போட்டிருந்தாள். யாரிடம் கற்றுக்கொள்கிறாள் என்று தெரியவில்லை. அதை நான் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

கல்லறைத் தோட்டம் பெரியது. வாசலில் இருந்த அலுவலகத்தில் இடம் கேட்டபோது, ஒரு தாளை நீட்டினார்கள். என் பெயர், முகவரி, இறந்தவருக்கு என்ன உறவு. குன்னூர் லாட்ஜ் நினைவு வந்தது. அங்கே கிடப்பவள் எனக்கு யாருமில்லை. எனக்கு உறவானவள் அங்கே கிடக்கவில்லை. கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, அண்ணன் மகன் என்பதை ஆங்கிலத்தில் எழுதிக்கொடுத்தேன். அந்தப் பெண் படித்துப் பார்த்து, வரைபடத்தில் வட்டம் போட்டுக் கொடுத்தாள். எந்தப் பெட்டியிலும் அவள் டிக் அடிக்கவில்லை.

சாம்பல் நிறக் கல். மேலே ஆங்கிலத்தில் பார்வதி, பழைய எழுத்து. கீழே புதிதாகக் கொத்திய வெள்ளைத் தழும்பாகத் தமிழில் தெய்வானை. அதற்கும் கீழே, சின்னதாக, ராமாயி மகள். துணைக்கால்கள் சரியான இடத்தில் இருந்தன. கையில் கொண்டுபோன வடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் புல்லில் வைத்தேன்.

அக்காவைக் கூப்பிட்டேன். குன்னூரில் அப்போது மாலை.

"பாத்தியா?"

"முன்னாலதான் நிக்கிறேன்."

"ரெண்டு பேரும் இருக்கா?"

"ரெண்டும் இருக்கு."

"எனக்குப் படிக்கத் தெரியாதுல்ல. சத்தமாப் படி. நான் கேக்குறேன்."

சுற்றிலும் ஆளில்லை. இருந்தாலும் கூச்சமாக இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தேன்.

"பார்வதி."

ஃபோனில் அக்கா கல்லை விட்டு எழுந்து நிற்கும் சத்தம் கேட்டது. பிறகு, வரிசையில் நிற்கும் ஒன்பது வயதுச் சிறுமியின் குரலில் அக்கா சொன்னாள்.

"இருக்கா."

"தெய்வானை."

"இருக்கா."